பின்சக்கரத்தில் நின்று துள்ளுவது எப்படி: ட்ரையல்ஸ் சைக்கிளுக்குப் புதியவர்களுக்கு

பாறை, கட்டை போன்ற தடைகளைக் காலை ஊன்றாமல் சைக்கிளில் கடப்பதுதான் ட்ரையல்ஸ். இந்தச் சைக்கிளோட்டத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் கண்ணை எடுக்க முடியாமல் நிற்பது பெரும்பாலும் பின்சக்கரத் துள்ளலைப் பார்த்துத்தான். முன்சக்கரம் இடுப்பளவுக்கு எழும்பி நிற்கும். ஓட்டுபவர் பின்சக்கரம் ஒன்றின் மேலேயே தொக் தொக்கென்று குதித்தபடி அடுத்த பாறையை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கு அது வித்தை. அவருக்கு அது ஓய்விடம். போட்டியில் ஒரு பகுதியைக் கடக்க 2 நிமிடம்தான் தருவார்கள், காலைத் தரையில் ஊன்றினால் தண்டனை உண்டு. ஊன்றாமல் மூச்சு வாங்கவும், திசை திரும்பவும், அடுத்த தாவலுக்குத் தயாராகவும் இந்தத் துள்ளல்தான் கைகொடுக்கிறது.

இதைக் கற்கத் தொடங்கியபோது நான் பல வாரங்கள் ஒரே தவறைச் செய்தேன். பின்சக்கரத்தில் ஏறியதும் அசையாமல் நிற்கப் பார்த்தேன். இரண்டு துள்ளல் வரும், மூன்றாவதில் முன்சக்கரம் தரைக்கு வந்துவிடும். சின்ன வயதில் ஒரு நீளக் குச்சியை உள்ளங்கையில் நட்டுவைத்து விளையாடியிருப்பீர்கள். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவோம். கையை ஆட்டாமல் வைத்தால் குச்சி விழுந்துவிடும். இங்கே குச்சி உங்கள் உடம்பு, கை பின்சக்கரம். உடம்பு எந்தப் பக்கம் விழப் போகிறதோ அங்கே சக்கரத்தை எடுத்துவைப்பதற்காகத்தான் துள்ளுகிறோம். இந்த ஒன்று புரிந்த பிறகுதான் எனக்குத் துள்ளல் வந்தது. கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்

ட்ரையல்ஸுக்கென்றே செய்த சைக்கிள்கள் 20 அங்குலம், 26 அங்குலம் என்ற இரண்டு சக்கர அளவுகளில் அதிகம் வருகின்றன. பலவற்றில் சீட்டே இருக்காது. பெடல் அச்சு, சக்கர அச்சுகளைவிட உயரத்தில் இருக்கும். பின்சக்கரம் பெடலுக்கு மிக நெருக்கமாக இருக்கும். அதனால் இடுப்பைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனாலே எடை பின்சக்கரத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். சாதாரண மலைச் சைக்கிளில் பெடல் அச்சு தாழ்ந்தும் பின்சக்கரம் தள்ளியும் இருப்பதால் அதே வேலைக்கு அதிகம் இழுக்க வேண்டும். ஆனாலும் முடியும். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிள் இருந்தால் சீட்டை அடிவரை இறக்கிவிட்டுத் தாராளமாகத் தொடங்கலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் சஸ்பென்ஷனைப் பூட்டும் லாக் இருந்தால் பூட்டிவிடுங்கள். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் வேண்டாம். நீங்கள் காலால் கொடுக்கும் உந்துதலை எல்லாம் அது விழுங்கிவிடும்.

கியரைப் பொறுத்தவரை, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய ஒன்றேகால் சுற்றுச் சுற்றும்படி வையுங்கள். முன்னால் 22 பல், பின்னால் 18 பல் என்றால் சரியாக இருக்கும். முன்னால் 32 பல் இருக்கிற சைக்கிளில் பின்னால் 26 பல்லுக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இதைவிடக் கனமான கியரில் முன்சக்கரத்தைத் தூக்கவே மூச்சு முட்டும். மிக இலகுவான கியரில் சக்கரம் போதிய தூரம் நகர்வதற்குள் பெடல் கீழே போய்விடும்.

இப்போது பிரேக். இந்தக் கலையில் நான் மிகவும் கறாராக இருப்பது பின் பிரேக் விஷயத்தில்தான். துள்ளும்போது பின்சக்கரம் உருளக் கூடாது. மயிரிழை உருண்டாலும் உங்கள் அடித்தளமே நகர்ந்துவிடுகிறது. உங்களால் எது தவறாயிற்று என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு சோதனை இருக்கிறது. சைக்கிளில் நின்றபடி பின் பிரேக்கை ஒரே விரலால் பிடியுங்கள். முன்னால் உள்ள பெடலில் முழு எடையையும் போட்டு நில்லுங்கள். சக்கரம் கொஞ்சமும் அசையாமல் இருந்தால் பிரேக் தயார். அசைந்தால் பிரேக் பேடையும் ரிம்மையும் சுத்தம் செய்யுங்கள், தேய்ந்த பேடை மாற்றுங்கள், கேபிளை இறுக்குங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் வைத்திருக்கும் ட்ரையல்ஸ் ஓட்டிகள் ரிம்மின் பக்கவாட்டைச் சாணைச் சக்கரத்தால் சொரசொரப்பாக்குவதே இந்தப் பிடிப்புக்காகத்தான். டிஸ்க் பிரேக்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடி போய்விடும், ஜாக்கிரதை.

பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் கிளிக் கிளிக்கென்று சத்தமிடும் பகுதிதான் ஃப்ரீவீல். ஒரு சுற்றுக்கு அதில் எத்தனை கிளிக் என்பதையும் கவனியுங்கள். பெடலை மிதிக்கும்போது சக்கரத்தைப் பிடிப்பதற்கு முன் கொஞ்சம் வெறுமனே சுற்றுமல்லவா, அந்த இடைவெளிதான் பிரச்சினை. ஒரு சுற்றுக்கு 18 இடத்தில் மட்டுமே பிடிக்கும் ஹப்பில் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) அந்த இடைவெளி 20 டிகிரி வரை போகும். 72 இடத்தில் பிடிக்கும் ஹப்பில் 5 டிகிரிதான். ட்ரையல்ஸ் ஓட்டிகள் பயன்படுத்தும் 108 கிளிக் ஃப்ரீவீலில் மூன்றரை டிகிரிகூட இல்லை. ஆரம்பத்தில் இது பெரிய தடை இல்லை. கடைசியில் சொல்லப்போகும் பெடல் கிக் என்ற தாவலுக்கு வரும்போது வித்தியாசம் தெரியும்.

செயினை ஒவ்வொரு முறையும் பாருங்கள். கண்ணி விறைத்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, மிதிக்கும்போது பல் தாவினாலோ அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். முழுப் பலத்தோடு மிதிக்கிற நொடியில் செயின் அறுந்தால் முழங்கால் நேராகப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் இடிக்கும். இந்த விளையாட்டில் நான் மிகவும் அஞ்சும் விபத்து இதுதான்.

பின் டயர் அகலமாக இருப்பது நல்லது. 26 அங்குலச் சைக்கிளில் 25 பிஎஸ்ஐ காற்றில் தொடங்கி, உங்கள் எடைக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். டயர் அமுங்கித் திருப்பித் தள்ள வேண்டும், ஆனால் ரிம் தரையில் இடிக்கக் கூடாது. இடிக்கும் சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் காற்று அடியுங்கள்.

ஹெல்மெட், கையுறை, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் ஷின் கார்டு மூன்றும் வேண்டும். பெடல் தட்டையாக, ஷூவை நன்றாகப் பிடிப்பதாக இருக்கட்டும். காலைப் பூட்டிக்கொள்ளும் பெடல் இதற்கு ஆகவே ஆகாது.

தொடங்குமுன் இரண்டு பழக்கங்கள்

முதலாவது, சைக்கிளை ஓட்டாமல் நிறுத்தி, காலை ஊன்றாமல் நிற்பது. ட்ராக்ஸ்டாண்ட் என்பார்கள். பெடல்கள் கிடைமட்டமாக இருக்க, எந்தக் காலை முன்னால் வைக்கும்போது இயல்பாக இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் முன்னிலைக் கால், இனி அதை மாற்ற வேண்டாம். 30 விநாடி நிற்க வந்ததும், இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு இரு சக்கரத்திலும் நின்ற இடத்தில் துள்ளிப் பழகுங்கள். இடப்பக்கம் ஒரு சாண், வலப்பக்கம் ஒரு சாண் என்று நகருங்கள். ஊன்றாமல் 20 துள்ளல் வந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது, பின்னால் இறங்குவது. இதை யாரும் பயிற்சி செய்வதில்லை. அதனால்தான் பலருக்கு முன்சக்கரத்தை உயரத் தூக்கவே மனம் வருவதில்லை. மெதுவாக உருண்டு, முன்சக்கரத்தைத் தேவைக்கு மேல் தூக்குங்கள். பின் பிரேக்கை இறுகப் பிடியுங்கள். மல்லாக்கப் போகிறோம் என்று தோன்றும்போது இரண்டு கால்களையும் பின்னால் தரையில் வைத்து, ஹேண்டில்பாரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிடுங்கள். பிரேக்கை மட்டும் விடாதீர்கள். விட்டால் சைக்கிள் முன்னால் ஓடிவிடும், நீங்கள் பின்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். பத்து முறை வேண்டுமென்றே இப்படி இறங்கிப் பாருங்கள். பதினோராவது முறை பயம் பாதியாகியிருக்கும்.

பின்சக்கரத்தில் ஏறுவது

வழுக்காத, கெட்டியான தரை வேண்டும். புல்தரையில் விழுந்தால் வலிக்காது என்று நினைப்போம். ஆனால் அது துள்ளலின் உந்துதலைக் குடித்துவிடும், கற்பது இரு மடங்கு கடினமாகும். லேசாக மேலேறும் சரிவு கிடைத்தால் அதிர்ஷ்டம். மேட்டைப் பார்த்தபடி நின்றால் முன்சக்கரம் ஏற்கெனவே கொஞ்சம் உயர்ந்திருக்கும், எழுப்புவது சுலபம்.

நடக்கிற வேகத்துக்கும் குறைவாக உருளுங்கள். முன்னிலைப் பெடல் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். சைக்கிளை வலப்பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்தில் 2 மணி முள் நிற்கும் இடம். முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்கள். பிறகு மூன்று காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்க வேண்டும்: காலால் ஒரே ஒரு அழுத்தமான மிதி, இடுப்பைப் பின்னால் வீசுவது, கைகள் நீள்வது. கையால் ஹேண்டில்பாரைத் தூக்கப் பார்க்காதீர்கள். இடுப்பு பின்னால் போகும்போது நீண்ட கைகள் கயிறு போல முன்சக்கரத்தை இழுத்துக்கொண்டு வரும். எடை பின் அச்சுக்கு மேல் வந்ததும் பிரேக்.

அந்தப் பிரேக்கின் நேரம்தான் இங்கே எல்லாமே. சீக்கிரம் பிடித்தால் முன்சக்கரம் விழும். தாமதித்தால் மல்லாந்துவிடுவீர்கள். தாமதிக்கும் பக்கமாகவே தவறு செய்யுங்கள் என்பது என் ஆலோசனை. இறங்கத்தான் பழகிவிட்டீர்களே. முன்சக்கரம் குறைவாக எழுந்து குறைவாக எழுந்து அதுவே பழக்கமாகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஏறியதும் உடம்பு இப்படி இருக்க வேண்டும்: கைகள் ஏறக்குறைய நேராக, முழங்கால்கள் மடங்கி, இடுப்பு பின்சக்கரத்துக்கு மேலே. முன்சக்கரம் இடுப்பு உயரத்தில். பிரேக் விரல் இறுகி, மற்ற விரல்கள் இறுகாமல். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. மூன்று நான்கு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள்.

முதல் துள்ளல்கள்

மடங்கியிருக்கும் முழங்காலால் டயரை ஒருமுறை அமுக்குங்கள். அது திருப்பித் தள்ளும்போது காலை நீட்டி எழும்பி, உடனே முழங்காலை மடக்குங்கள். சக்கரம் உங்களோடு மேலே வரும். 5 சென்டிமீட்டர் போதும். உயரம் கூடக்கூட இறங்கும்போது அடி பலமாகும், திருத்த நேரமும் குறையும். டயருக்கென்று ஒரு தாளம் உண்டு. அதை எதிர்த்துக் குதித்தால் களைப்புதான் மிச்சம். அதோடு சேர்ந்துபோனால் பாதி வேலையை டயரே செய்துவிடும்.

முதல் நாள் ஒரே ஒரு துள்ளலை மட்டும் குறியாக வையுங்கள். ஏறு, பிரேக், ஒரு துள்ளல், இறங்கு. அவ்வளவுதான். ஒன்று பத்து முறை தொடர்ந்து வந்தால் இரண்டு, பிறகு மூன்று. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் பெரும்பாலும் எல்லோரும் சிக்கிக்கொள்வார்கள். ஏனென்றால் மூன்றுவரை ஏறிய வேகமே உங்களைத் தாங்கிவிடுகிறது. நான்காவதிலிருந்து நீங்களே திருத்த வேண்டியிருக்கிறது.

திருத்துவது

முன்பக்கம் விழுவதுதான் மிக அதிகம். முன்சக்கரம் தாழத் தொடங்கும்போது கையால் இழுத்துப் பயனில்லை. இழுத்தால் உடம்புதான் முன்னால் போகும், நிலைமை மோசமாகும். பிரேக்கைக் கண்ணிமைக்கும் நேரம் விட்டு, பெடலை ஒரு தொடு தொட்டு, மறுபடி பிடியுங்கள். சக்கரம் ஓரிரு அங்குலம் முன்னால் வந்து உங்களுக்குக் கீழே நின்றுகொள்ளும். விடுவதும் மிதிப்பதும் பிடிப்பதும் ஒரே துடிப்பாக வர வேண்டும். இதற்கு முன்னிலைக் காலில் எப்போதும் லேசான அழுத்தம் இருக்கட்டும். செயின் தொய்யாமல் விறைப்பாக இருந்தால்தான் தொட்டவுடன் சக்கரம் பதில் சொல்லும்.

பின்பக்கம் சாய்ந்தால் அடுத்த துள்ளலில் சைக்கிளைப் பின்னோக்கி இழுத்துவையுங்கள். பிடித்த பிரேக்கை விடவே வேண்டாம். ரொம்பவும் சாய்ந்துவிட்டதா, இறங்கிவிடுங்கள்.

இடப்பக்கம் விழுகிறீர்கள் என்றால் சைக்கிளின் முன்பகுதியை இடப்பக்கம் திருப்பி, அடுத்த துள்ளலில் பின்சக்கரத்தையும் அங்கே கொண்டுபோய் வையுங்கள். சாய்வு சின்னதாக இருந்தால் வலது முழங்காலை வெளியே விரிப்பதே போதும், எடை வலப்பக்கம் திரும்பிவிடும். வலப்பக்கத்துக்கு இதையே மாற்றிச் செய்யுங்கள். பலருக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்துக்கு வேண்டுமென்றே துள்ளிப் பழக வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கடிகாரத் திசையில் ஒரு சுற்று, எதிர்த்திசையில் ஒரு சுற்று என்று வருவது எனக்கு நன்றாக உதவியது.

காணொளி பார்த்துக் கற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் டேனி மெகாஸ்கில் 2009-இல் வெளியிட்ட காணொளிக்குப் பிறகு உலகெங்கும் ஏராளமானவர்கள் இந்த விளையாட்டின் பக்கம் திரும்பினார்கள். இதன் வேர் இன்னும் பழையது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ் வீரர் பெரே பி தன் மகன் ஓட் பிக்குச் சின்ன மிதிவண்டியில் அதே பயிற்சியைக் கொடுத்ததிலிருந்து கிளைத்தது. ஓட் பி பிறகு உலக சாம்பியன் ஆனார். இவர்களைப் போன்றோரின் காணொளிகளைப் பார்க்கும்போது வேகத்தைக் குறைத்து, பின் பிரேக் விரலையும் முன்னிலைக் காலையும் மட்டும் பாருங்கள். முன்சக்கரம் எவ்வளவு உயரம் போகிறது என்பதில் கற்க ஒன்றுமில்லை. விரல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எவ்வளவு நேரம்?

ஒரு நாளைக்கு 20 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள். விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் அடித்துத் துவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். முன்கையும் கீழ்முதுகும் களைத்துவிட்டால் பிரேக் விரல் தளரும். தளர்ந்த விரலோடு செய்கிற ஒவ்வொரு துள்ளலும் தவறான பழக்கத்தைத்தான் ஊட்டும். முதுகு வலித்தால் பெரும்பாலும் நீங்கள் இடுப்பை விட்டுவிட்டு முதுகால் இழுக்கிறீர்கள் என்று பொருள். தொடர்ந்து 10 துள்ளல் வர எனக்கு ஆறு வாரம் ஆனது. சிலருக்கு இரண்டு வாரத்தில் வந்துவிடும், சிலருக்கு இன்னும் நாளாகும். பரவாயில்லை. எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒரு வாரம் முழுக்க ஒன்றும் நகராதது போல இருந்து, திடீரென்று ஒரு நாள் நாலு ஏழாகும்.

அடுத்தது, பெடல் கிக்

ஊன்றாமல் 10 துள்ளல் வந்த பிறகே இதற்கு வாருங்கள். பின்சக்கரத்திலிருந்து முன்னோக்கித் தாவி, மறுபடி பின்சக்கரத்திலேயே இறங்குவது பெடல் கிக். முன்னால் விழும்போது பெடலைத் தொட்டுத் திருத்தினோம் அல்லவா? அதையே தெரிந்து, பெரிதாகச் செய்வதுதான் இது.

இரண்டு மூன்று துள்ளலில் நிலைப்படுங்கள். முன்னிலைப் பெடல் 2 மணி இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது முழங்காலை நன்றாக மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, முன்சக்கரம் முழங்கால் உயரத்துக்கு இறங்க விடுங்கள். உடம்பு முன்னால் விழத் தொடங்கும். விழட்டும். அந்த விழுதலுக்குள்ளேதான் பிரேக்கைத் திறந்து, பெடலை மிதித்து, காலை முழுதாக நீட்டி, இடுப்பை ஹேண்டில்பாரை நோக்கி எறிய வேண்டும். சக்கரம் தரையை விட்டதும் முழங்காலை மடக்கிச் சைக்கிளை உங்களுக்குக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடுவதற்கு முன்பே பிரேக் மூடியிருக்க வேண்டும். மூடாமல் இறங்கினால் சக்கரம் உருண்டு ஓடிவிடும்.

இறங்கியதும் பெடல் கீழே போயிருக்கும். பிரேக்கைப் பிடித்தபடியே அதைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி 2 மணிக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ரீவீலின் கிளிக் எண்ணிக்கை முக்கியம் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். 20 டிகிரி வெறுமனே சுற்றும் ஹப்பில் நீங்கள் மிதிக்கும் காலத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும், சக்கரம் திடுக்கென்று பிடிக்கும்போது நிலையும் குலையும்.

தரையில் இரண்டு கோடு போடுங்கள், ஓரடி இடைவெளியில். பின்சக்கரம் முதல் கோட்டில் இருந்து இரண்டாவதற்குப் போக வேண்டும். கோட்டைத் தாண்டினீர்களா என்பதைவிட, இறங்கிய பிறகு இன்னும் இரண்டு துள்ளல் துள்ள முடிந்ததா என்று பாருங்கள். முடிந்தால் மட்டும் கோட்டை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இரண்டரை அடி வரை இப்படியே தரையில் வந்த பிறகு, உள்ளங்கை அகல உயரமுள்ள ஒரு கெட்டியான பலகையை, ஆடாமல் முட்டுக் கொடுத்து வைத்து, அதன் மேல் ஏறிப் பழகலாம். உயரம் வரும்போது மிதியைக் கூட்ட வேண்டியதில்லை. இடுப்பைக் கொஞ்சம் அதிகம் மேல்நோக்கி எறிந்து, முழங்காலை இன்னும் சீக்கிரம் மடக்குங்கள்.